புஷ்பமேரி கட்டிய நிழல்

பக்கவாதம் வந்து விழுந்த பவுல்ராஜுக்கு மூன்று வாரம் கழித்துப் பேச்சு திரும்பியபோது, ஒரே ஒரு சொல்தான் திரும்பியது. "சரி." பசித்தாலும் அதையே சொன்னார், பசி இல்லாவிட்டாலும் அதையே சொன்னார். ஃபேனைக் கூட்டு என்பதற்கும் குறை என்பதற்கும் அதே சொல். மனதில் நினைப்பதெல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கும், நாக்குக்கு வரும்போது எல்லாம் அந்த ஒன்றாகிவிடும் என்று ஆஸ்பத்திரியில் விளக்கினார்கள். "குரலையும் முகத்தையும் பாத்துப் புரிஞ்சுக்கோங்கம்மா" என்றார்கள். புஷ்பமேரி தலையாட்டினாள். முப்பது வருடம் கூட வாழ்ந்தவளுக்கு அது ஒன்றும் பெரிய காரியமாகத் தோன்றவில்லை.

அவளுக்குச் சின்னாளப்பட்டியில் ஒரு சேலைக் கடையில் வேலை. சுங்குடிச் சேலைகளை உதறிப் போட்டு, மடித்து, அடுத்தவர் வந்து கேட்டால் மறுபடி உதறிப் போட்டு, அவளுடைய தோள்கள் இரண்டும் இறுகிப் போயிருந்தன. பிறந்தது ஆத்தூர்ப் பக்கம். பழனி ரூட்டில் தனியார் பஸ் ஓட்டிக்கொண்டிருந்த பவுல்ராஜைக் கட்டிக்கொண்டு டவுனுக்கு வந்தாள். ஒரே மகள் ஷைனியைத் திருப்பூரில் கட்டிக் கொடுத்தாயிற்று. பவுல்ராஜ் நன்றாக இருந்தவரை வீட்டில் பேச்சுக்கும் சிரிப்புக்கும் குறைவே இல்லை. பஸ்ஸில் டிக்கெட் எடுக்காமல் தூங்குவதுபோல் நடித்தவன், பஞ்சாமிர்த டப்பாவை சீட்டிலேயே விட்டுவிட்டு இறங்கி வண்டிக்குப் பின்னால் ஓடி வந்தவர் என்று எல்லாரையும் சாயங்காலம் நடித்துக் காட்டுவார். அவள் சிரிப்பில் அடுப்பை மறந்து சோற்றைக் கருக விட்டிருக்கிறாள்.

இப்போது அந்த வீடு வாய் கட்டிக் கிடந்தது.

பேகம்பூர்ப் பக்கம் ஒரு பழைய அடுக்குமாடியில் இரண்டாவது மாடி. லிஃப்ட் கிடையாது. மேற்குப் பார்த்த வீடு என்பதால், பங்குனி முடிவதற்குள்ளேயே ஹால் அடுப்படி மாதிரி ஆகிவிட்டது. சுவரில் கை வைத்தால் சுட்டது. கை காலுக்குப் பயிற்சி கொடுக்க வந்த பெண், கட்டிலில் வியர்வையில் ஊறிக் கிடந்த பவுல்ராஜைப் பார்த்துவிட்டு, "இவர இப்படி உள்ளயே போட்டு வச்சிராதீங்க. காத்தாட உக்கார வைங்க. நாலு மக்க மனுசர் முகத்தப் பாத்தாத்தான் வாய் திறக்கும்" என்றாள்.

படி இறக்க முடியாது. வெளியே என்று இருந்தது பால்கனி ஒன்றுதான். கட்டில் போட்டால் நிறைந்துவிடும் அளவு. உடைந்த கிரைண்டரும் பழைய சாக்குகளும் அடைந்து கிடந்த இடம். குடி வந்த நாளிலிருந்து அதை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு வந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வேலையில் இறங்கினாள். சாக்குகளை அள்ளிப் போட்டுக் கழுவியபோது, தரையும் சுவரும் சேரும் இடத்தில் செம்பழுப்பாக ஒரு கோடு ஓடியது. கறை என்று நினைத்துத் துடைப்பக்கட்டையால் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்கக் கோடு போகாமல், உள்ளிருந்து மாவாக உதிர்ந்தது. கொஞ்சம் சிமெண்ட்டைக் குழைத்து விரலால் அப்பி விட்டாள்.

கையில் பெரிதாகப் பணம் இல்லாதவள், கண்ணில் பட்டதையெல்லாம் சேர்த்தாள். டைல்ஸ் கடை வாசலில் குப்பையாகக் கிடந்த உடைசல்களைக் கேட்டு வாங்கி வந்து, சிமெண்ட்டைத் தடிமனாகப் போட்டு, பச்சையும் நீலமுமாகத் தரை முழுக்கப் பதித்தாள். அந்தக் கோடு டைல்ஸுக்கு அடியில் போய்விட்டது. சாயம் இறங்கி விலை போகாத ஒரு சுங்குடிச் சேலையைக் கடை முதலாளி சும்மா கொடுத்தார். அதை ஜன்னல் கம்பியிலிருந்து கைப்பிடி கிராதிக்குத் தொய்வாகக் கட்டியதும், மஞ்சளும் சிவப்புமாக நிழல் விழுந்தது. காலி பெயிண்ட் வாளிகளில் ஓட்டை போட்டு ஆத்தூரிலிருந்து வந்த செம்மண்ணை நிரப்பிப் பத்துமணிப் பூவும் பசலையும் வைத்தாள். கூட வேலை பார்க்கும் தீபா வீடு மாறும்போது நான்கு பெரிய சிமெண்ட் தொட்டிகளைக் கொடுத்தாள். ஆட்டோக்காரர் ஒருவரும் புஷ்பமேரியும் ஒவ்வொரு படியிலும் வைத்து வைத்து மேலே ஏற்றினார்கள். அவற்றில் மல்லிகையும் சங்குப்பூவும் போட்டாள். கிராதியில் சாக்குகளைத் தொங்கவிட்டுத் தண்ணீர் தெளித்தால், உள்ளே வருகிற காற்று செத்த நேரத்துக்குக் குளுகுளுவென்று இருந்தது.

பவுல்ராஜை முதல் முதலாக அங்கே உட்கார வைத்த சாயங்காலம் மலைக்கோட்டைப் பக்கம் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கீழே பூட்டிக் கிடந்த கடை வாசலில், பால்கனி நிழலில், அந்தோணிமுத்து நுங்கு வண்டியைப் போட்டிருந்தான். ஒவ்வொரு கோடைக்கும் அவனுக்கு அதுதான் இடம். நிமிர்ந்து பார்த்து, "டிரைவர் அண்ணே, எப்படி இருக்கீக?" என்றான்.

பவுல்ராஜின் முகம் ஒரு பக்கமாகக் கோணி விரிந்தது. "சரி" என்றார். சிரிப்பு அது. படுக்கையில் விழுந்தபின் அவர் சிரித்தது அன்றுதான். புஷ்பமேரி கூடையைக் கயிற்றில் கட்டி இறக்கினாள். அந்தோணிமுத்து அதில் நுங்கை வைத்தான். அவள் ஒவ்வொன்றாகத் தோல் உரித்து அவர் வாயில் ஊட்டினாள். அவள் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

அதன்பின் இரண்டு வாரம் அந்த வீட்டுக்கு நல்ல காலம். காலையில் கடைக்குக் கிளம்பும்வரை அவரை பால்கனியில் உட்கார வைப்பாள். பகலில் கட்டிலை பால்கனிக் கதவோரம் இழுத்துப் போட்டுப் படுக்க வைத்துவிட்டுப் போவாள். மத்தியானம் கீழ் வீட்டு ரம்ஜான் பீவி வந்து சோறு கொடுத்துவிட்டுப் போவார். சாயங்காலம் வந்ததும் திரும்பவும் பால்கனி. பகல் முழுக்க அவர் தனியாக அந்தக் கதவுப் பக்கம் காது வைத்துக் கிடந்தார். அந்த நேரத்தில் எதைக் கேட்டார், எதைப் பார்த்தார் என்று சொல்ல அவரிடம் சொல் இல்லை.

ஒரு நாள் சாயங்காலம் அவரைத் தூக்கி நிறுத்தி வெளியே கொண்டு போனபோது, நன்றாக இருந்த இடது கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"சரி" என்றார்.

"சரின்னா கைய விடுங்க."

"சரி. சரி. சரி."

அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள். உயரத்தைப் பார்த்து பயம் வந்துவிட்டதோ என்று நினைத்தாள். நாற்காலியில் உட்கார்ந்தபின், அவர் தெருவைப் பார்க்கவில்லை. கால்களுக்குக் கீழே இருந்த நீல டைல்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரவு ஷைனி போனில் கேட்டாள். "அப்பாக்கு பால்கனி பிடிச்சிருக்காம்மா?"

"பிடிக்காமயா? சரி சரின்னு சொல்லிக்கிட்டே இருக்காரு" என்றாள் புஷ்பமேரி. உடனே பேச்சை மாற்றி, பேரப்பிள்ளைக்குப் பல் முளைத்துவிட்டதா என்று கேட்டாள்.

மறுநாளும் அவர் நிலையைப் பிடித்தார். அதற்கு மறுநாளும். அவளுடைய மனதில் அது பிடிவாதமாகவே பட்டது. கடையில் நாள் முழுக்க நின்று, பஸ்ஸில் நின்று, படியேறி வந்து, இந்த ஒன்றையாவது அவருக்கென்று செய்தோம் என்று இருந்தவளுக்கு அதையும் வேண்டாம் என்கிறாரோ என்று ஆத்திரம் வந்தது. அவர் வேண்டாம் என்று சொல்லவில்லையே, சரி என்றுதானே சொல்கிறார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ரம்ஜான் பீவி ஒரு காலையில் மேலே வந்தார். கையில் ஒரு தட்டு. அவருடைய பால்கனி நேர் கீழே. மோர் மிளகாய் காயப் போடுகிற இடம்.

"மேரி, உன் வீட்டு மண்ணு என் மிளகாயில விழுகுது."

"தொட்டியிலருந்து சிந்திருக்கும்க்கா. அடியில தட்டு வச்சிர்றேன்."

"இது செடி மண்ணு மாதிரி இல்லையே." தட்டில் சாம்பல் நிறப் பொடியும், நகத்தளவு ஒரு துண்டும் கிடந்தன. துண்டின் ஒரு பக்கம் துரு அப்பியிருந்தது. புஷ்பமேரி அதை விரலால் அழுத்தினாள். முறுக்கு மாதிரி நொறுங்கியது.

அன்று செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போதுதான் இன்னொன்றைக் கவனித்தாள். பால்கனியில் தண்ணீர் போகிற ஓட்டை சுவரோரம் இருந்தது. முன்பெல்லாம் ஊற்றிய தண்ணீர் கதவுப் பக்கம் ஓடி வந்து அங்கே தேங்கும். இப்போது அது எதிர்ப்பக்கம், கிராதியை நோக்கி ஓடிற்று. கதவோரம் காய்ந்து சுத்தமாக இருந்தது. வழுக்கி விழ வேண்டியதில்லை, நல்லதாகப் போயிற்று என்று நினைத்தாள். ஆனாலும் கொஞ்ச நேரம் வாளியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தத் தண்ணீர் போகிற போக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்காரர் அருளப்பனுக்கு போன் போட்டாள்.

"சார், பால்கனி ஓரத்துல லேசா விரிசல் விட்ட மாதிரி இருக்கு."

"பழைய கட்டடம்னா விரிசல் இல்லாம இருக்குமாம்மா? மழைக்கு முன்னாடி கொத்தனார அனுப்புறேன்." கொஞ்சம் நிறுத்தி, "அதுல வெயிட் எதுவும் வைக்கலையே?" என்றார்.

நான்கு சிமெண்ட் தொட்டிகளும் வாளிகளும் அவள் கண் முன்னாலேயே வரிசையாக இருந்தன. மல்லிகை அன்றுதான் முதல் மொட்டு விட்டிருந்தது. வெயிட் வைத்ததாகச் சொன்னால் வீட்டைக் காலி பண்ணச் சொல்வார். கட்டடத்தை இடித்துக் கட்ட அவர் ஆள் தேடிக்கொண்டிருப்பதாக ஏற்கெனவே பேச்சு இருந்தது. படுத்த மனுசனை வைத்துக்கொண்டு எந்த வாசலில் போய் நிற்பது?

"இல்ல சார்" என்றாள்.

கொத்தனார் வரவில்லை. அவளும் திரும்பக் கூப்பிடவில்லை.

சித்திரை கடைசி ஞாயிறு. காலையிலிருந்தே காற்று நின்றுபோய், மூச்சு முட்டியது. மத்தியானத்துக்குமேல் சிறுமலைப் பக்கமிருந்து வானம் கருத்துக்கொண்டு வந்தது. மூன்று மணிக்கெல்லாம் லைட் போட வேண்டியதாயிற்று. முதலில் மண் காற்று அடித்தது. பின்னால் பெரிய பெரிய துளிகளாக மழை இறங்கியது. மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த தெருவிலிருந்து ஆவி கிளம்பியது. தொட்டிகளில் இருந்த செம்மண் தண்ணீரை அப்படியே குடித்தது.

"வாங்க, வந்து பாருங்க. மழை" என்று பவுல்ராஜை எழுப்பி நிறுத்தினாள் புஷ்பமேரி. கோடை மழையின் சாரல் முகத்தில் பட்டால் அவர் சிரிப்பார் என்று ஆசைப்பட்டாள்.

அவர் நிலையைப் பிடித்தார். அவள் இழுத்தாள். அவர் விடவில்லை. "சரி" என்று கத்தினார். அப்படி ஒரு குரலை அவள் அவரிடம் கேட்டதே இல்லை. இன்னும் வலுவாக இழுத்தாள். பவுல்ராஜ் குனிந்து அவள் மணிக்கட்டைக் கடித்தார்.

அவள் கையை உதறினாள். அந்த உதறலில் அவர் சரிந்து பால்கனி வாசற்படிக்குக் குறுக்கே விழுந்தார். தூக்கப் போனவளின் சேலையை இடது கையால் சுற்றிப் பிடித்துக்கொண்டார். முப்பது வருடத்தில் அவர் அவளை ஒரு அடி அடித்ததில்லை. மணிக்கட்டில் பல் பதிந்து ரத்தம் கசிந்தது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

"ஒங்களுக்காகத்தான செஞ்சேன். இம்புட்டும் ஒங்களுக்காகத்தான."

"சரி" என்றார் அவர். அவர் கண்கள் அவளைத் தாண்டி வெளியே பார்த்தன. அவளும் திரும்பிப் பார்த்தாள்.

தொய்வாகக் கட்டிய சுங்குடிச் சேலை இப்போது தந்தி மாதிரி விறைத்து நின்றது. ஜன்னல் கம்பியில் போட்ட முடிச்சு இறுகி, துணி இழை இழையாகப் பிரிந்துகொண்டிருந்தது. ஒரு பெயிண்ட் வாளி தானாக நகர்ந்து கிராதியில் போய் முட்டியது. சுவரோரம் டைல்ஸ் ஒவ்வொன்றாகக் கழன்று நின்றன. அவற்றுக்கு நடுவே கை நுழையும் அளவுக்கு ஒரு பிளவு. பிளவின் வழியே கீழே ரம்ஜான் பீவியின் பால்கனி தெரிந்தது. அங்கே ஒரு முக்காடு குனிந்து குனிந்து மிளகாயை அள்ளிக்கொண்டிருந்தது.

"அக்கா" என்று கூப்பிட்டாள். மழைச் சத்தத்தில் அது எடுபடவில்லை. வெளியே காலை வைத்துக் கத்தவும் முடியாது.

பவுல்ராஜ் அவள் சேலையை விட்டார்.

அவரை அக்குளில் பிடித்து ஹாலுக்குள் இழுத்துப் போட்டுவிட்டு, புஷ்பமேரி படிகளில் ஓடினாள். ரம்ஜான் பீவி வீட்டுக் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. உள்ளே பாய்ந்து, பால்கனியில் நின்றவரைப் பின்னாலிருந்து இடுப்போடு கட்டிப் பிடித்து இழுத்தாள். இரண்டு பேரும் ஹாலில் மல்லாந்து விழுந்தார்கள். மிளகாய் எங்கும் சிதறியது.

"என்னடி மேரி, என்ன ஆச்சு ஒனக்கு?"

பதில் சொல்ல வாய் திறந்தபோதுதான் அவளுக்கு நுங்கு வண்டி ஞாபகம் வந்தது. மழைக்கு ஒதுங்குகிறவர்கள் எல்லாரும் அந்தக் கடை வாசலில்தான் நிற்பார்கள். தெருப் பக்கத்து ஜன்னலுக்கு ஓடிப்போய், "அந்தோணி, ஓடுங்க, எல்லாரும் ஓடுங்க" என்று கத்தினாள். நின்றவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். இரண்டு பேர் மழைக்குள் ஓடினார்கள். அந்தோணிமுத்து வண்டியைத் தள்ளக் குனிந்தான்.

கோணிச் சாக்கு கிழிகிற மாதிரி ஒரு சத்தம். அடுத்து வீடே ஆடியது. இரண்டாவது மாடிப் பால்கனி முதல் மாடிப் பால்கனியின்மேல் விழுந்து, இரண்டும் சேர்ந்து தெருவில் இறங்கின. புழுதி எழுந்து மழையில் உடனே அடங்கியது. பிறகு அந்தோணிமுத்துவின் குரல் கேட்டது. அவன் கத்தவில்லை. "அம்மா, காலு" என்று மெதுவாக, யாரிடமோ வழி கேட்பதுபோல் சொன்னான்.

உயிர் போகவில்லை. வலது கால் முட்டிக்குக் கீழே நசுங்கியிருந்தது. எடுக்காமல் காப்பாற்றினார்கள், ஆனால் அது இனி மடங்காது.

மறுநாள் அருளப்பன் வந்து இடிபாட்டில் கிடந்த சிமெண்ட் தொட்டித் துண்டுகளைக் காலால் புரட்டிப் பார்த்தார். "வெயிட் இல்லன்னு சொன்னீங்களேம்மா."

"பொய் சொன்னேன் சார்" என்றாள் புஷ்பமேரி. போலீஸிடமும் அதையே சொன்னாள். உள்ளே கம்பியெல்லாம் துருவாகிப் பொடிந்துவிட்டது, தொட்டி இல்லாவிட்டாலும் இது ஒரு நாள் விழத்தான் விழுந்திருக்கும் என்று பார்க்க வந்த இன்ஜினியர் சொன்னார். ஒரு நாள் என்றால் எந்த நாள், அன்றைக்கு அந்தோணிமுத்து அங்கே நின்றிருப்பானா என்பதை யாரால் சொல்ல முடியும்? அவளுக்கு அந்தப் பேச்சில் ஆறுதல் கிடைக்கவில்லை.

கடைக்குப் போகும் வழியில் தினமும் ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டு போனாள். அந்தோணிமுத்துவின் மனைவி தூக்குச்சட்டியை வாங்கி வைப்பாள், முகம் கொடுக்கமாட்டாள். அவன் மட்டும் ஒரு நாள், "நெழலுக்குத்தாங்க்கா ஒதுங்குனேன்" என்றான். குறையாகச் சொன்னானா, சும்மா சொன்னானா என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்த வாக்கியத்தோடு வெகுநாள் கிடந்தாள்.

அவர்கள் சின்னாளப்பட்டியில் தரையோடு இருந்த ஒரு வீட்டுக்குக் குடிபோனார்கள். பால்கனிக் கதவுகள் இருந்த இடத்தைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டதாகக் கேள்விப்பட்டாள். ரம்ஜான் பீவி அங்கேயே இருந்தார். அவரைப் பார்க்க ஆடி மாதத்தில் ஒரு மத்தியானம் போனவள், தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தாள். மூன்றாவது மாடிப் பால்கனி மட்டும் அப்படியே இருந்தது. புது ஊதா பெயிண்ட் அடித்திருந்தார்கள். கிராதியில் துணி காய்ந்தது. தண்ணீர் ஊற்றி ஓட்டுகிற பெரிய ஏர் கூலர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு குழந்தை உட்கார்ந்து, கிராதி வழியே காலைத் தொங்கவிட்டிருந்தது.

ரம்ஜான் பீவி வீட்டுக்குள் நுழையாமல் நேரே மேலே ஏறினாள். புதிதாகக் குடிவந்திருந்த முகேஷ்குமார் கதவைத் திறந்தான். மரியாதையான பையன். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தான். அவள் குடிக்கவில்லை. நடந்ததைச் சொன்னாள்.

"கேள்விப்பட்டேன்க்கா. அது நீங்க வச்ச தொட்டியாலதான்னு ஓனர் சொன்னாரு. இத நல்லா பூசிக் குடுத்துட்டாரு. பயமில்ல."

"பூசுனா உள்ள இருக்குற கம்பி சரியாயிருமாப்பா? பிள்ளைய உள்ள கூப்பிடு."

அவன் சிரித்தான். அவள் வாசலிலேயே உட்கார்ந்தாள். "அந்த கூலர உள்ள எடுத்து வைக்கிற வரைக்கும் நான் எந்திரிக்கிறதா இல்ல."

அவன் மனைவியும் வந்து எட்டிப் பார்த்தாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் அவன் பெருமூச்சு விட்டு, குழந்தையைத் தூக்கி உள்ளே விட்டான். தளும்பத் தளும்பக் கூலரை இழுத்து வந்து ஹாலில் நிறுத்தினான். "போதுமாக்கா?" என்றான்.

"கதவையும் பூட்டிருப்பா."

பூட்டினான். அவள் கும்பிட்டுவிட்டுப் படி இறங்கினாள். ரம்ஜான் பீவி வீட்டு வாசலுக்கு வந்து கதவைத் தட்டக் கை ஓங்கியபோது, மேலே தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. பிறகு கூலரின் சக்கரங்கள் தரையில் மெதுவாக உருண்டு வெளியே போயின.